இடக்கைப் பொண்ணுக்கு ஒரு பெஞ்சு

“தாங்கள் அனுப்பிய பெஞ்சுகள் நல்லபடியாக வந்து சேர்ந்தன. மிக்க நன்றி. ஆனால்…”

அந்த ‘ஆனால்’ வரைக்கும் ஸ்டோர்கீப்பர் மூன்று தடவை படித்துவிட்டார். பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சும் பாடப்புத்தகமும் அனுப்புகிற அந்தக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். அத்தனை வருஷத்திலும் வந்த கடிதங்கள் ‘உடனே அனுப்பவும்’, ‘ஏன் இன்னும் அனுப்பவில்லை’ என்று இரண்டே ரகம்தான். நன்றி என்ற சொல்லை அந்த வாசலில் யாரும் இறக்கி வைத்ததில்லை.

‘ஆனால்’ என்பதற்குப் பிறகு விஷயம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இடது கைப் பழக்கம். அவள் எழுதினால் முழங்கை பக்கத்துப் பெண்ணை இடிக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு சண்டை. தாங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார் டீச்சர். பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் இருந்தது அவருடைய பள்ளிக்கூடம்.

“இதுல என்ன சார் யோசனை?” என்றார் கிடங்குத் தச்சர். “அந்தப் பொண்ண பெஞ்சோட இடது ஓரத்துல உட்கார வைக்கச் சொல்லுங்க. முடிஞ்சுது.”

ஸ்டோர்கீப்பர் அப்படியே எழுதிப் போட்டார். ஒரே வாரத்தில் பதில் வந்தது. இடது ஓரத்தில் சுவர் இருக்கிறது. சொரசொரப்பான சுவர். முழங்கை சிராய்ந்துவிட்டது. ஆனாலும் அழவில்லை, கெட்டிக்காரி.

“சிராய்ச்சுடுச்சாம்யா!” ஸ்டோர்கீப்பரின் முகம் வெளிறிவிட்டது. “தனி மேஜை ஒண்ணு செய்யி. உயரம் இருபத்திரண்டு இஞ்ச்.”

“யாரு அளந்தது?”

“மூணாங் கிளாஸ் பிள்ளை வேற எவ்வளவு இருக்கும்? செய்யிய்யா.”

ஸ்டோர்கீப்பரின் மனைவி காலமாகி நான்கு வருஷமாகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்பாள், இவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லத் தொடங்குமுன் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும். கிடங்கை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கிடங்கு. இப்போது சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ‘முழங்கை ஆறியிருக்குமா?’ என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் அன்றைக்கு வீடு சீக்கிரம் வந்துவிட்டது.

மேஜை போய்ச் சேர்ந்தது. அடுத்த கடிதமும் வந்தது.

மேஜை பிரமாதம். ஆனால், அதைப் பார்த்துவிட்டு மேலும் மூன்று பேர் ராத்திரியோடு ராத்திரியாக இடது கைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அதில் ஒருவன் தன் பெயரையே தலைகீழாக எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பெண்ணோ தனியாக உட்கார்ந்து, சண்டை போட ஆள் இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்டோர்கீப்பர் கடிதத்தை மடித்து வைத்தார். சண்டை போட ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

“எல்லாருக்கும் தனி மேஜை போட்டுடுவோம்,” என்றார். “பன்னிரண்டு. நெருக்கிப் போட்டா அவளுக்கும் துணையாச்சு.”

“சார், நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?”

“செய்யிய்யா.”

பன்னிரண்டு மேஜையும் வகுப்பறைக்குள் அடங்கவில்லை. நான்கு வராந்தாவுக்கு வந்தன. வராந்தாவுக்கு மழை வந்தது. பாடப்புத்தகங்கள் ஊறிப்போய், மூன்றாம் பாடத்து ராஜா நான்காம் பாடத்துத் தவளையோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். பிரித்தால் இருவருக்கும் சேதம் என்று டீச்சர் எழுதியிருந்தார். ஸ்டோர்கீப்பர் வாய்விட்டுச் சிரித்தார். கிடங்கில் கணக்கு எழுதுகிறவர் எழுந்து வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டுப் போனார்.

புதுப் புத்தகங்கள் போயின. அவை நனையாமலிருக்க ஓர் இரும்பு பீரோவும் போனது. பீரோ வாசலுக்குள் நுழையவில்லை. வராந்தாவிலேயே நின்று ஜன்னலை மறைத்தது. கணக்கு வகுப்பு என்றதும் இடக்கைப் பொண்ணு அதற்குள் போய் ஒளிந்து, அங்கேயே தூங்கிவிட்டாள். மத்தியானம் முழுக்க ஊரே தேடியதாம்.

“பீரோவுக்குள்ளயா! மூச்சு முட்டினா என்ன ஆகறது? கதவுல ஓட்டை போட உடனே ஆள் அனுப்பணும்.”

தச்சர் உளியைக் கீழே வைத்தார். “ஒரு இடத்துல உட்காரத் தெரியாத பிள்ளைக்காக நாம படற பாடு இருக்கே…”

“நம்ம பொண்ணப் பத்தி ஒரு வார்த்தை பேசாத!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மேலதிகாரி அம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் வரிசையாக ரசீதுகள்.

“ஒரே ஸ்கூலுக்குப் பெஞ்சு, மேஜை, பீரோ, ரெண்டு தடவை புத்தகம். அங்க என்ன, காலேஜா நடக்குது? நேர்ல போங்க. எத்தனை பிள்ளைங்கன்னு தலையை எண்ணிட்டு வாங்க. கணக்கு ஒத்துப் போகலன்னா நீங்க வீட்டுலயே உட்கார வேண்டியதுதான்.”

அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இருந்தாலும், மறுநாள் காலை பஸ் ஏறும்போது அவர் தண்டனைக்குப் போகிறவர் மாதிரி இல்லை. சலவைச் சட்டை. பையில் இஞ்ச் டேப். அதற்கடியில் ஒரு கலர் பென்சில் டப்பா. நான்கு மணி நேரப் பயணத்தில், அவளிடம் முதலில் என்ன பேசுவது என்று ஏழெட்டு விதமாக ஒத்திகை பார்த்தார்.

கடிதத்தில் இருந்தபடியே எல்லாம் இருந்தது. வராந்தா, பீரோ, மறைந்த ஜன்னல். உள்ளே மேஜைகள் தூசு தும்பில்லாமல் பளபளத்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு புத்தகம். பிள்ளைகளை மட்டும் காணோம். நாற்பதைத் தாண்டிய ஆயாம்மா ஒருத்தி மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு லீவாம்மா?”

“நீங்க யாரு சார்?”

“கிடங்குல இருந்து வரேன். ஸ்டோர்கீப்பர்.”

துடைத்த கை நின்றது. “ஐயோ, நீங்களா! டீச்சர் இப்பத்தான் உங்களுக்கு லெட்டர் போடப் போனாங்க. உட்காருங்க சார், வந்துடுவாங்க. உங்க பதில் வந்தா, அன்னைக்கு ரெண்டு வாய் கூடுதலாச் சாப்பிடுவாங்க.”

ஸ்டோர்கீப்பருக்குக் காது மடல் சூடானது. சின்ன மேஜைக்குள் உடம்பை மடக்கி உட்கார்ந்தார். முழங்கால் தாடையில் இடித்தது. பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்தார். சொரசொரப்புதான், டீச்சர் ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தவில்லை. டீச்சர் வருவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பென்சில் டப்பாவை எடுத்தார்.

“இத அந்த இடக்கைப் பொண்ணுகிட்ட கொடுத்துடும்மா. யாரு கொடுத்தாங்கன்னு சொல்ல வேணாம்.”

ஆயாம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி அதை வாங்கினாள். மூடியைத் திறந்து ஒவ்வொரு பென்சிலாகத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

“இங்க பிள்ளைங்க வந்தே மூணு வருஷமாச்சு சார், டீச்சர் எழுதறதெல்லாம் அவங்க முதமுதல்ல வேலைக்கு வந்தப்போ இங்க படிச்ச எங்க செட்டுக் கதை, அந்த இடக்கைப் பொண்ணு நான்தான், போன மாசம் எனக்குப் பேத்தியே பொறந்தாச்சு!”