அரோகரா வைத்தியம்

கல்வராயன் மலையடிவாரத்தில் நாக்குச் சாமியார் என்று ஒருவர் முளைத்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களை ஒரே நாளில் பேச வைக்கிறாராம்! உளுந்தூர்பேட்டையிலிருந்துகூட நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஜனம், சாமியாரிடம் மட்டும் எதையும் பார்க்கவில்லை.

நைனார்பாளையத்து அம்சவள்ளியும் கிளம்பினாள். அவள் கணவன் வீரமுத்துவுக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, தினமும் பேச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மெல்லத்தான் வரும் என்றார்கள். மெல்ல வருவதற்கு யார் கூட்டம் கூடுவார்கள்?

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைக்குச் சாலை மறியல் நடந்த சமயம் அது. சின்னசேலம் தாண்டியதும் பஸ் நின்றது. வெட்டிப்போட்ட மரத்தின்மேல் நின்று ஒருவன், "இட ஒதுக்கீடு!" என்று கத்தினான்.

"எங்கள் உரிமை!"

பஸ்ஸுக்குள்ளிருந்து கத்தியது வீரமுத்து! நோயில் விழுமுன் ஊர்வலம் ஊர்வலமாகப் போய்த் தொண்டை கிழியக் கோஷம் போட்டவன்.

அம்சவள்ளி பதறிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். "யோவ், பேசிட்டியே! எம்பேரு இன்னா? சொல்லுய்யா!"

"ப்... ப்..." என்று திணறினான். கண் கலங்கியது. கோஷம் வந்தது, பெண்டாட்டி பேர் வரவில்லை. மரத்தை நகர்த்தி பஸ்ஸுக்கு வழி விட்டபின், மீதி வழியெல்லாம் அம்சவள்ளி அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

சாமியார் வீரமுத்துவின் நாக்கில் விபூதி தடவினார். "வெற்றிவேல் முருகனுக்கு!" என்று முழங்கினார்.

"அரோகரா!" என்றான் வீரமுத்து.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நாக்கைக் கட்டின மலைக்காத்து ஓடிடுச்சு! மாத்திரையெல்லாம் தூக்கி எறி. கம்மலைக் கழட்டி உண்டியல்ல போடு."

அம்சவள்ளியின் கை காதுவரை போய் நின்றது. "சாமி, எம்பேரச் சொல்லச் சொல்லுங்க."

"முருகனையே சோதிக்கிறியா?"

"முருகன இல்லீங்க. உங்கள."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததே! சாமியார் வீரமுத்துவிடம் பெண்டாட்டி பேரைக் கேட்டுத் தொலைத்தார். திணறல். இன்னொரு பிடி விபூதி. மறுபடியும் திணறல்.

அம்சவள்ளி அந்த விபூதியை முந்தானையால் துடைத்துவிட்டு, "இட ஒதுக்கீடு!" என்றாள்.

"எங்கள் உரிமை!"

பேச்சுப் போன தன் தம்பியைத் தூக்கி வந்திருந்த பாவாடை என்பவர் கேட்டார்: "இன்னா சாமி, முருகனும் மறியல்ல கலந்துக்கினாரா?"

சிரிப்பு வெடித்தது.

"வாய்க்குப் பழகினது தானா வருதுங்க," என்றாள் அம்சவள்ளி. "அரோகராவும் அப்படித்தான். அத வச்சிக்கினு இந்தாளு நம்ம காத அறுக்கிறாரு!"

சாமியாருக்குத் திடீரென்று தவம் வந்துவிட்டது. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

வீட்டில் பயிற்சி தொடர்ந்தது. அறுவடையெல்லாம் முடிந்த ஒரு மத்தியானம், வீரமுத்து தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "அம்சா... உப்பு... ஜாஸ்தி."

கணவன் குறை சொன்னதற்காக ஆனந்தக் கண்ணீர் விட்ட பெண் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

வாதம் அடித்த மூளையே வேலை கொடுத்தால் தேறுகிறது. வாதம் அடிக்காத மூளையை வைத்துக்கொண்டு அடுத்த சாமியாருக்கு வழி கேட்கிறவர்களே, நீங்களும் அதற்குக் கொஞ்சம் வேலை கொடுத்துப் பாருங்களேன்!