ஒருபக்கத் தார்

என் மைத்துனரைச் சுவரால் வெல்வதென்று தீர்மானித்தேன். வாயால் வெல்ல முயன்று ஆயுளில் பாதியைத் தொலைத்தவனுக்கு வேறு வழி இல்லை.

மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன். பணி ஓய்வுக்குப் பிறகு கிளாரினெட் கற்கத் தொடங்கியவர். கற்றவர் என்று நான் சொல்லவில்லை, தொடங்கியவர். விடியுமுன்பே ஊதுவார். அவர் எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் தங்க வருகிறார் என்று மனைவி அறிவித்தாள்.

"கொஞ்ச காலம்னா எவ்வளவு?"

"வர்றவர்கிட்ட எப்போ போவீங்கன்னா கேப்பாங்க?"

என் படிப்பறைக்கும் அவருக்கென்று ஒதுக்கிய அறைக்கும் நடுவே ஒரே சுவர். அதில் இடுப்புயரம் வரை ஈரம் ஏறி, இருபுறமும் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, அந்த ஈரத்துக்கு என்ன பூசலாம்னு கடையில கேளுங்களேன்."

"உன் அண்ணன் அறைக்காகவா?"

"அண்ணனா? அவர் எங்க படுத்தாலும் தூங்குவார். உங்க புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிக்குதேன்னு சொன்னேன்."

என் புத்தகங்களுக்காக அவள் அதுவரை கவலைப்பட்டதே இல்லை. அந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டடப் பொருள் கடைக்காரர் விளக்கினார்: "அஸ்திவாரத்துக்கு மேல, சுவர் எழும்புற இடத்துலயே ஈரத்தடுப்பு போட்டிருக்கணும் சார். போடாம விட்டுட்டாங்க. இனி தாரும் தடுப்புச் சிமெண்டும்தான். ஆனா ஒரு பக்கம் மட்டும் அடைச்சுடாதீங்க. ஈரம் மொத்தமும் அடுத்த பக்கம் வந்துடும்."

"மொத்தமுமா?"

"சொட்டு விடாம!"

அவரைக் கட்டித் தழுவத் தோன்றியது. ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் படிப்பறைப் பக்கத்துப் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தினேன். தார் பூசினேன், அது காய்ந்தபின் மறுபடியும் பூசினேன். மேலே மணல் தூவி, தடுப்புச் சிமெண்டை மட்டப்பலகையால் இழைத்தேன். இடுப்பு ஒடிந்தது. தார் என் தலைக்கு இழந்த கருமையைத் திருப்பித் தந்தது. மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் பூசலையா?"

"அவசியமில்லை."

"நீங்க சொன்னா சரிங்க."

திருமணமான நாள்முதல் நான் காத்திருந்த வாக்கியம் அது. மயங்கிவிட்டேன்.

மைத்துனர் வந்து சேர்வதற்குள் அவர் அறைச் சுவர் அழத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் வாக்குத் தவறாதவர். மைத்துனர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன தங்கச்சி இது? என் கிளாரினெட் ஊறிப் போயிடுமே!"

"அடடா! மரக்கருவிக்கு ஈரம் ஆகவே ஆகாது மச்சான்," என்று நான் கண்கலங்கினேன். "தெருமுனையில நல்ல விடுதி ஒண்ணு இருக்கு..."

"விடுதி எதுக்கு?" என்றாள் மனைவி. "பக்கத்து அறை சுக்காக் காஞ்சு கிடக்கு. பெட்டியைத் தூக்குங்க அண்ணா."

"அது என் படிப்பறை!"

"நீங்க புத்தகம் வாசிக்கிறவர், எங்கயும் வாசிக்கலாம். அவர் கிளாரினெட் வாசிக்கிறவர். ஈரத்துல அதை வாசிக்க முடியாது."

மைத்துனர் பெட்டியோடு நகர்ந்ததும் அவளை மடக்கினேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணனுக்கு ஓர் அறையைச் சரிபண்ணுங்கன்னு கேட்டிருந்தா, கொத்தனார் கரண்டியைத் தொட்டிருப்பீங்களா?"

"ஒரு பக்கம் மட்டும்தான் பூசுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்காரர்கிட்ட முதல்ல விசாரிச்சது நான்தானே. ஒரு பக்கம் அடைச்சா மறுபக்கம் வரும்னார். உங்களை எனக்குத் தெரியாதா? அதான் உங்களையே அனுப்பினேன்."

இப்போது ஈர அறையில் இருக்கிறேன். என் அகராதி நாள்தோறும் பருத்து வருகிறது. நான் இளைத்து வருகிறேன். போர்வையைப் பிழிந்துவிட்டுத்தான் போர்த்திக்கொள்கிறேன். சுவர் நீரை நிறுத்துகிறதே அன்றி நாதத்தை நிறுத்தவில்லை. இன்று காலை ஊதல் சற்று ஓய்ந்தது. நம்பிக்கையோடு காதைச் சுவரில் வைத்தேன். காது நனைந்தது.

"மாப்பிள்ளை!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கொத்தனார்கூட இவ்வளவு சுத்தமாப் பூச மாட்டார். இந்தச் சுவர் இன்னும் இருபது வருஷம் அசையாது. நானும் அசையறதா இல்லை!"

இரண்டாம் பூச்சையாவது அரைகுறையாக அடித்திருக்கலாம்.