ஹோவா அக்காவின் சூப்பும் குன்னூர் இடியாப்பமும்

நான் துப்பியே குடும்பத்தைக் காப்பாற்றியவன். இப்படிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில், டீயை ருசி பார்த்துத் தரம் சொல்லும் டீ டேஸ்டர் வேலை. நீள மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் இருக்கும். கரண்டியில் எடுத்து, பக்கத்து அறைக்கே கேட்கும்படி 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, இடது பக்கம் திரும்பித் துப்ப வேண்டும். துப்புவதற்கென்றே சக்கரம் வைத்த ஒரு தொட்டி கூடவே உருண்டு வரும். (பெண் பார்க்கப் போனபோது பையனுக்கு என்ன வேலை என்று விசாரித்த என் மாமனார், பதிலைக் கேட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.)

கல்யாணமான மறு வருடமே கம்பெனி என்னை வியட்நாமுக்கு அனுப்பியது. அங்கேயும் மலை, அங்கேயும் தேயிலை, அங்கேயும் பனிமூட்டம். எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருந்தது. என் மனைவி சாந்தி மட்டும் இல்லை. அவள் மஞ்சூரில் அம்மா வீட்டில் இருந்தாள். ஃபோன் செய்தால் பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே தீர்ந்துவிடும்.

அந்த இரண்டு வருடமும் என்னை ஆளாக வைத்திருந்தது ஹோவா அக்காவின் சூப்புதான். ஃபாக்டரிக்கு எதிரே தெருவோரக் கடை, குட்டி குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்கள். நெடுநேரம் கொதித்த தெளிந்த கோழிச் சாறு, வெள்ளை வெளேரென்று அரிசி நூடுல்ஸ், ஒரு கைப்பிடி பச்சை இலை, கடைசியில் எலுமிச்சை. 'ஃபோ' என்று பெயர். அந்த அம்மாவுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. ஆனால் என் முகம் தொங்கியிருந்தால் ஒரு துண்டு கோழி கூடுதலாக விழும். ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு சாந்தியை நினைப்பேன். கண்ணில் தண்ணீர் வந்தால் பழியை மிளகாய்மேல் போட்டுவிடலாம்.

ஊர் திரும்பினேன். குன்னூரில் வீடு பார்த்துக் குடித்தனம் வைத்தோம். சாந்தி ஆசையாக மிளகு ரசம் வைத்துப் போட்டாள். நானும் ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஹோவா அக்கா வெக்கற சூப்பு இருக்கே..." என்று ஆரம்பித்தேன். மறுநாளும் ஆரம்பித்தேன். அடுத்த வாரமும்.

"ஏனுங்க," என்றாள் சாந்தி. "அங்கிருந்து ஃபோன்ல என்ற ரசத்தைக் கேட்டு அழுதீங்க. இங்க வந்து அவிங்க சூப்பைக் கேட்டு அழுகறீங்க. எங்க இருந்தாத்தான் உங்களுக்குச் சோறு எறங்கும்?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு உள்ளே வேறொரு ஏக்கம். அவள் இல்லாமல் நான் வாழ்ந்த இரண்டு வருடத்தை அவளுக்குக் காட்ட என்னிடம் வேறு எதுவுமே இல்லை. அந்த சூப்பில் ஒரு வாய் அவளுக்குக் கொடுத்துவிட்டால் போதும், அவளும் என்னோடு அங்கே இருந்த மாதிரி ஆகிவிடும் என்று நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து பஜார் பக்கம் ஒரு வியட்நாம் ஓட்டல் திறந்தார்கள். போர்டில் கூம்புத் தொப்பி போட்ட பெண்ணின் படம். என் கால் தரையில் இல்லை. சாந்தி கல்யாணப் பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகுதான் வாயில் வைக்க வேண்டும் என்று வழி முழுக்க அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

உட்கார்ந்ததும் பிசுபிசுத்த மேசை விரிப்பு என் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுத்தேன். சர்வர் ஒரு துணியால் முதலில் தன் கழுத்தைத் துடைத்தார், பிறகு எங்கள் தட்டைத் துடைத்தார். சாஸ் பாட்டிலுக்குள் ஒரு ஈ மோட்சம் அடைந்திருந்தது. கரண்டி அழுக்காக இருக்கிறது என்றேன். அதை வாங்கி, தன் பேண்ட்டில் தேய்த்து, அதையே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வாசலில் போய் நின்று மழையை வேடிக்கை பார்த்தார். அந்த ஓட்டலில் சுத்தமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் இடது பக்கத்தில், பெரிய பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பி ரோஜாப் பூ மிதக்க விட்டிருந்தார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டேன். மஃப்ளர் சுற்றிய சாதுவான மனிதர். போன மாதம் வரை அது அவருடைய பேக்கரியாம், எங்கள் மலை மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி விற்றவராம்.

"நான் வியட்நாம்ல இருந்தவனுங்க," என்றேன், எல்லா மேசைக்கும் கேட்கும்படி. "அங்க தெருவோரக் கடையே பளபளன்னு இருக்கும். சுத்தம்தானுங்க மொத ருசி!"

அவர் பவ்யமாகத் தலையாட்டினார். அதற்குள் சூப்பு வந்தது. பழுப்புக் கூழில் இடியாப்பம் மிதந்தது. தொட்டுக்கொள்ள ஆளுக்கொரு வர்க்கி.

"இதென்னங்க, இடியாப்பம்?"

"அரிசி நூடுல்ஸ்னா இடியாப்பம் தானுங்களே சார்?"

சாந்தி கரண்டியால் கிளறி ஓர் இலையை எடுத்தாள். "ஐயோ, கோழியில துளசி போட்டிருக்காங்க!" பழக்கதோஷத்தில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய், கோழி ஞாபகம் வந்து கீழே வைத்தாள்.

"கண்ணால பாத்து முடிவு பண்ணக் கூடாது," என்றேன். எனக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. ஹோவா அக்காவை மனதில் நினைத்துக் கண்ணை மூடினேன். ஒரு கரண்டி எடுத்தேன். சர்ர்ர்! மக்காச்சோள மாவு, சோயா சாஸ், பழைய எண்ணெய், அடியில் மெலிதாக ஃபினாயில். நாக்கு எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது.

கண்ணைத் திறந்தபோது உருளியில் ரோஜாக்களுக்கு நடுவே ஒரு துளசி இலை மிதந்துகொண்டிருந்தது.

அதுவரை எதற்கும் அவசரப்படாத சர்வர் முதல்முறையாக ஓடி வந்தார். முதலாளி உருளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுத்தத்தைப் பத்தி என்னமோ சொல்லிட்டிருந்தீங்களே சார், சொல்லுங்க," என்றார், அதே பவ்யத்தோடு.

சாந்தி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. மானம் போய் அழுகிறாள் என்று பதறினேன். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு. ஒரே குடைக்குள் மேட்டில் ஏறி வரும்போது நின்று நின்று சிரித்தாள். எனக்குத்தான் அழுகை முட்டியது. "உனக்கு ஒரு வாய் குடுக்கணும்னு நெனச்சேன் சாந்தி. அவ்வளவுதான்," என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். "அங்க என்னைய நெனச்சுட்டே சாப்பிட்டிருக்கீங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தா அந்த ருசி எப்பிடிங்க வரும்?" என்றாள்.

மறுநாள் மதியம் ரசம் பரிமாறினாள். தட்டுக்கு இடது பக்கம் ஒரு காலிச் சொம்பு. "வெச்சிருக்கறனுங்க, திரும்புனா போதும்," என்றாள்.

அன்று ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. எங்கள் மகள் பேசக் கற்றதோடு தட்டு, டம்ளர், 'அப்பா சொம்பு' என்று எடுத்துவைக்கவும் கற்றுக்கொண்டாள். அவள் கல்யாணத்துக்கு முன் விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டார், இது உங்க குல வழக்கமா என்று பயபக்தியோடு கேட்டார்கள்.

இப்போது மகள் கனடாவில் பிரசவித்திருக்கிறாள். சாந்தி அங்கே போய் மாதங்கள் ஆகின்றன. வெளியே பனிமூட்டம், உள்ளே நான் தனியாக. ஹோவா அக்காவின் சூப்பு நினைவுக்கே வருவதில்லை. மிளகு ரசம்தான் கனவில் வருகிறது. தினமும் நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிடுகிறாள்.

"ஏனுங்க, சொம்பு வெச்சீங்களா?"

ஃபோனைத் திருப்பி இடது பக்கம் காட்டுகிறேன். அவள் சிரிக்கிறாள். நான் வைக்கிற ரசத்துக்கு அது நிஜமாகவே தேவைப்படுகிறது என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பேரனை விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் கிளம்பி வந்துவிடுவாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.