கேப்டன் கந்தகத்தின் தலை

இனிமேல் ஒரு காமிக்ஸ் தொகுதிகூட வாங்குவதில்லை என்று வெர்ன் டால்பெர்க் சபதம் எடுத்தான். அதுவும் நன்றித் திருநாள் விருந்தில், மைத்துனன் குடும்பமே சாட்சியாக உட்கார்ந்திருக்க, வான்கோழியின் முன்னிலையில். வான்கோழி ஒன்றும் சொல்லவில்லை. மனைவி மார்லிஸ்தான் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே ஒரு திருத்தம் போட்டாள்.

"ஒரேயடியா வாங்காதேன்னு நான் சொல்லலை. பேஸ்மென்ட் சுவத்துல ஈரம் இறங்குது. படியில பிடிச்சுக்க ஒரு கம்பி இல்லை. அழுக்குத் துணியைத் தூக்கிக்கிட்டு நான்தான் தினம் இறங்கறேன். அதையெல்லாம் சரிபண்ணு. அப்புறம் எதை வேணா வாங்கு."

"செஞ்சுட்டாப் போச்சு!" என்றான் வெர்ன். கல்யாணமான புதிதிலிருந்து அவன் இதைத்தான் சொல்லி வருகிறான்.

கேப்டன் கந்தகம் என்பவர் வெர்ன் அரை டவுசர் போட்ட காலத்தில் மாதாமாதம் கடைக்கு வந்த சூப்பர்ஹீரோ. அவர் கைபட்ட கதவு எரிந்து சாம்பலாகும். அதனாலேயே தன் வீட்டுக்குள் போக வழியில்லாமல் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர். அந்தப் பழைய இதழ்களையெல்லாம் சேர்த்து, தலையணை கனத்தில், கெட்டி அட்டைத் தொகுதிகளாக இப்போது மறுபதிப்புச் செய்கிறார்கள். வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் அலமாரியில் வெர்ன் ஆறு தொகுதிகள் வைத்திருந்தான்.

வாங்குவதோடு விட்டால் பரவாயில்லை. பதிப்பகத்தின் இணையப் பக்கத்தில் வாசகர்கள் கருத்து எழுதலாம், நட்சத்திரம் போடலாம். அங்கே வெர்னுடைய பெயர் 'தனிமைச் சிறுத்தை'. ஒரு நாள் தனியாக விட்டால் ரொட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத ஆள்! எழுதியதையெல்லாம் காலையில் மார்லிஸுக்கு வாசித்தும் காட்டுவான்.

"கேளு, மார்லிஸ். மூணாம் தொகுதியில வண்ணத்தை வாளியில மொண்டு ஊத்தியிருக்காங்க. பழைய தாள்ல புள்ளி புள்ளியா இருக்குமே, அந்த அழகே போச்சு. கேப்டன் மூஞ்சி தக்காளி மாதிரி இருக்கு."

"காபி ஆறுது."

"படத்துல பாதி நடு மடிப்புக்குள்ள போயிடுச்சு. வில்லன் இருக்கானா, ஓடிட்டானான்னே தெரியலை."

"காபி ஆறிடுச்சு."

வெர்ன் சபதத்தைக் காப்பாற்றியிருப்பான். பதிப்பகத்தார்தான் கெடுத்தார்கள். தொகுதிகளை வரிசையாக நிறுத்தினால், அவற்றின் முதுகுகள் சேர்ந்து ஒரே படமாகும்படி அச்சடித்திருந்தார்கள். கேப்டன் குப்புறப் படுத்த வாக்கில் பறந்துகொண்டிருப்பார். முதல் தொகுதியில் பாதம், நடுவில் இடுப்பு, ஆறாவதில் கழுத்து. தலை ஏழாவதில்தான். சபதம் எடுத்த நவம்பரிலிருந்து மார்ச் வரை வெர்ன் அந்தத் தலையில்லாத மனிதரைத் தினமும் பார்த்தான். பார்த்துப் பார்த்து ஒரு சுற்று இளைத்தான். ஏழாம் தொகுதி வந்துவிட்டது என்று அறிவிப்பு வந்ததும் பக்கத்து வீட்டு டோய்வோவிடம் ஓடினான்.

"டேய், உன் பேருக்கு ஒரு பார்சல் வரும். வாங்கி வச்சுக்கோ."

"மார்லிஸுக்குத் தெரியாமலா? எனக்கு எதுக்குடா வம்பு? அவ காட்டரிசி சூப் கொடுத்து அனுப்பறதை நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"டோய்வோ, ஒரு மனுஷன் தலையில்லாம பறந்துக்கிட்டிருக்கான். உனக்கு இரக்கமே இல்லையா?"

டோய்வோவுக்கு இளகிய மனசு. புத்தகம் வந்தது. அவர்கள் ஊரான டுலூத்தில் மார்ச்சிலும் பனி போவதில்லை என்பதால், அது உருக வாசலில் தூவும் உப்பு மூட்டைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. காலி உப்புச் சாக்கில் தொகுதியைப் போட்டு வெர்ன் தூக்கி வந்தான்.

"என்ன கண்ணு, உப்பு மூட்டையைப் பச்சைக் குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு வர்றே?" என்றாள் மார்லிஸ்.

"உடைஞ்சிடப் போகுதுன்னுதான்."

"உப்பா?"

"இது... நல்ல உப்பு."

மார்லிஸ் வழிவிட்டாள். வெர்ன் பேஸ்மென்டுக்கு இறங்கினான். புத்திசாலியாக இருந்தால் சாக்கோடு அடுப்பு விறகுக்குப் பின்னால் ஒளித்திருக்க வேண்டும். ஆனால் தொகுதி சேர்க்கிறவனுக்கு அந்தப் புத்தி இருக்குமா? நேராக அலமாரிக்குப் போய், ஆறாம் தொகுதிக்குப் பக்கத்தில் ஏழாவதை நிறுத்தினான். கேப்டனுக்குத் தலை வந்தது. வெர்னுக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் மார்லிஸ் துணி துவைக்க இறங்கும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கேப்டன் தலைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவான்.

சும்மா இருக்க முடியுமா? அன்றைக்கே தனிமைச் சிறுத்தை கருத்து எழுதியது. 'ஒருவழியாகத் தலை கிடைத்தது. தாள் கொஞ்சம் பளபளக்கிறது. ஐந்து நட்சத்திரம்.'

மறுநாள் அதற்கடியில் ஒரு பதில் இருந்தது. எழுதியவர் பெயர் 'முதற்பதிப்பு முனிவர்'. இதுவரை அந்தப் பக்கத்தில் பார்க்காத பெயர்.

'சிறுத்தையாரே, பாராட்டுகள். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தத் தொகுதியின் பசை ஈரத்தை உறிஞ்சும். ஈரச்சுவர் பக்கம் வைத்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கேப்டனின் முகம் கையோடு வந்துவிடும்.'

வெர்ன் உடனே கடைக்கு ஓடினான். அன்று மாலைக்குள் சுவர் வெடிப்பை அடைக்கும் கலவையும் ஈரம் தாங்கும் பூச்சும் வாங்கி வந்து முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன திடீர்னு?" என்றாள் மார்லிஸ், துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நீ எவ்வளவு நாளா சொல்லிக்கிட்டிருக்கே. பொண்டாட்டி பேச்சை மதிக்கணும் இல்லையா?"

"ஐயோ, வெர்ன்!" என்று அவள் முந்தானை இல்லாத குறைக்கு ஒரு தலையணை உறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நெகிழ்ந்துபோய் அழுகிறாள் என்று வெர்ன் நினைத்தான்.

சுவர் காய்ந்ததும் முனிவர் மறுபடி வந்தார்.

'கனமான தொகுதியை ஏந்தி, கைப்பிடி இல்லாத படியில் இறங்காதீர்கள். ஃபார்கோ நகரில் எனக்குத் தெரிந்த வாசகர் ஒருவர் உருண்டு விழுந்தார். முதுகு இரண்டாகப் பிளந்தது.'

'ஐயோ, பிழைத்தாரா?' என்று சிறுத்தை கேட்டது.

'அவருக்கு ஒன்றுமில்லை. புத்தகத்தின் முதுகைச் சொன்னேன்.'

வெர்ன் இரவு தூங்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகக் கைப்பிடிக் கம்பி வந்தது. டோய்வோவே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"இத்தனை வருஷமா மார்லிஸ் கேட்டப்ப செய்யலை. முகம் தெரியாத ஒருத்தன் சொன்னதும் செய்யறே," என்றான்.

"முனிவர் சாதாரண ஆளா? வெள்ளைத் தாடியோட, அஞ்சாறு ஆயிரம் புத்தகத்துக்கு நடுவுல உக்காந்திருப்பார். விஷயம் தெரிஞ்சவர்டா! மார்லிஸுக்குப் பசையைப் பத்தி என்ன தெரியும்?"

அடுத்தது வண்ணம். வெள்ளைச் சுவர் பழைய கதையின் மஞ்சள் தாளை அழுக்காகக் காட்டுமாம். வெண்ணெய் நிறம்தான் பொருந்துமாம். வெர்ன் கடைக்குப் போய், வண்ண அட்டைகளைப் புரட்டி, கடைக்காரரோடு வாதாடி, சரியான வெண்ணெய் நிறத்தைக் கண்டுபிடித்தான். அதே அட்டை இரண்டு வருஷமாக அவன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பால் எடுக்கத் தினமும் அந்தக் கதவைத்தான் திறக்கிறான்.

ஏப்ரலில் பேஸ்மென்ட் புது வீடு மாதிரி ஆயிற்று. மார்லிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள். கையில் காபி, தட்டில் அவள் சுட்ட எலுமிச்சை கேக். வெர்ன் பாய்ந்து கேப்டன் மேலிருந்த துண்டைச் சரிசெய்தான்.

"எவ்வளவு நல்லாருக்கு!" என்று அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். "உன்னை மாதிரி புருஷன் யாருக்குக் கிடைக்கும்? உக்காந்து நிதானமா குடி." மேலே போய்விட்டாள்.

வெர்ன் நாற்காலியில் சாய்ந்தான். உலகத்தில் அவனைவிடச் சாமர்த்தியசாலி யார்? புத்தகமும் உள்ளே வந்தாயிற்று, பெண்டாட்டியிடம் நல்ல பெயரும் வாங்கியாயிற்று. துண்டை விலக்கிக் கேப்டனைப் பார்த்துக் கண்ணடித்தான். இந்த வெற்றியை முனிவருக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? வாசகர் பக்கத்தைத் திறந்தான். அவர் முந்திக்கொண்டிருந்தார். ஏழாம் தொகுதிக்கு இப்போதுதான் தன் முழுக் கருத்தைப் பதிந்திருந்தார்.

'கேப்டனுக்குத் தலை வந்த நாளிலிருந்து, துணி துவைக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். நல்ல களையான முகம். துண்டைப் போட்டு மூடாதீர்கள், மூச்சு முட்டும். சுவர் பிரமாதம், கைப்பிடி உறுதி. ஆனாலும் நான்கு நட்சத்திரம்தான். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வண்ணம் பூசவில்லை. சிறுத்தையாரே, காபி ஆறுகிறது.'