கவர் பிரிக்காத பிரீமியம்

மனித குலத்தின் முன் இதுவரை வந்து நின்ற கேள்விகளிலேயே மிகக் கடினமானதை மரக்காணம் டிஸ்க் கோல்ஃப் கழகம் ஒரே மார்கழி மாதத்தில், பதினான்கு கூட்டங்களில், நிர்வாகிகள் ஒருவரும் ஒரு தட்டைக்கூட எறியாமல் தீர்த்துவைத்தது. எறிகிற தட்டு சாதா பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டுமா, பிரீமியம் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி. உலக சமாதானம், விலைவாசி முதலிய சில்லறை விஷயங்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கழகம் பெருந்தன்மையோடு விட்டுவிட்டது.

டிஸ்க் கோல்ஃப் எளிமையான ஆட்டம்தான். பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. டிபன் தட்டளவு பிளாஸ்டிக் வட்டை வீசி, தூரத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடைக்குள் விழவைக்க வேண்டும். அபுதாபியில் பதினெட்டு வருடம் இருந்த அப்துல் சுக்கூர், அங்கே ஒரு பூங்காவின் வேலிக்கு வெளியே நின்று இந்த ஆட்டத்தை இருபது நிமிடம் பார்த்திருக்கிறார். பஸ் வர அவ்வளவு நேரமாயிற்று. அந்தக் கடும் பயிற்சியோடு ஊர் திரும்பியவர், பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்தார், கழகத்தைத் தொடங்கினார், கழகம் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தலைவரும் ஆனார். மழை முடிந்து உப்பு வேலை தொடங்கும்வரை உப்பளம் சும்மா கிடக்கும். அதுவே மைதானம்.

கழகத்தில் ஏழு உறுப்பினர்கள். ஆறு பேருக்குப் பதவி கொடுத்தாகிவிட்டது. ஏழாவது ஆளான கலைமதிக்குக் கொடுக்கப் பதவி எதுவும் மிச்சமில்லாததால், தட்டு எறிகிற வேலை அவள் தலையில் விழுந்தது.

கலைமதிக்கு இருபத்து நான்கு வயது. ஏழு வருடமாக உப்பு வாருகிறாள். உப்பை வாரிக் குவிக்கும் பலகையைப் பிடித்து இழுத்து இழுத்து அவள் தோளும் மணிக்கட்டும் எப்படி ஆகியிருந்தன என்றால், தட்டை அவள் வீசும்போது பக்கத்துப் பாத்தியில் நிற்கும் கொக்குகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கும். கழகம் ஆரம்பத்தில் வாங்கிய மூன்று சாதா தட்டுகளில் இரண்டைப் பொருளாளரும் துணைத்தலைவரும் ஆளுக்கொன்றாகச் சேற்றில் போக்கடித்துவிட்டார்கள். மூன்றாவது, ஒரு சிவப்புத் தட்டு, இரண்டு வருடமாக அவள் கையில் இருந்தது. வரப்பில் மோதி, உப்பில் உரசி, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாகப் போய்விட்டது. ஆனால் தேயத் தேய அது பழகிய மாடு மாதிரி ஆனது. எந்தக் காற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்கு அத்துப்படி.

தை பிறந்ததும் மாநில அணிக்கு ஆள் எடுக்க மரக்காணத்துக்கே வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இடம் ஒன்று. அதற்கு இடையஞ்சாவடி சுரேஷும் கலைமதியும் போட்டி. ஜெயிக்கிறவருக்குக் கொடைக்கானலில் இரண்டு வாரப் பயிற்சி. அவளுக்கு அது வேண்டும். ரொம்பவே வேண்டும். பிறந்ததிலிருந்து கண் கூசும் வெள்ளைத் தரையையே பார்த்தவள் அவள். உப்பு கரிக்காத ஒரு காற்றில், கூலிக்காக அல்லாமல் தன் கைத்திறனுக்காக யாரோ கூப்பிட்டுப் போய் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு துணைக்குழு அமைத்திருப்பார்கள்.

செய்தி வந்த அன்றே தலைவர் தேய்ந்த தட்டைக் கண்டு அதிர்ந்தார். மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்தால் மரக்காணத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? உடனே 'பிளாஸ்டிக் தேர்வு உயர்மட்டக் குழு' கூடியது. சாதா பிளாஸ்டிக் மெத்தென்று இருக்கும், கையில் ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும். பிரீமியம் பளபளக்கும், தேயாது, ஆனால் ஈரக் கையில் வழுக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தலைவர் விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்தார். அதாவது கடையில் பக்கெட் வாங்க வருகிறவர்களுக்குச் செய்துகாட்டுவது போல, தட்டை விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார்.

கலைமதி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள்.

"பாய், எனக்கு இந்தப் பழசே போதுங்க. கையில நிக்குது. எங்க போவும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச எடத்துக்கே போனா அதுல என்னம்மா முன்னேத்தம் இருக்குது?" என்றார் சுக்கூர்.

இந்தத் தத்துவத்தைச் செயலாளர் ஐயப்பன் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். பிரீமியம் என்று ஏகமனதாக முடிவானது. சாதா தட்டுக்கு முப்பத்தேழாம் தீர்மானத்தின்படி 'தேநீர்ப் பிரிவுக்குப் பணிமாற்றம்' வழங்கப்பட்டது. அதாவது, இனிமேல் கூட்டங்களில் பஜ்ஜி அதில் வரும்.

ஷார்ஜாவிலிருந்து வந்த உறவுக்காரர் பெட்டியில் மூன்று பிரீமியம் தட்டுகள் வந்து இறங்கின. ஆரஞ்சு ஒன்று, நீலம் ஒன்று, கண்ணாடி மாதிரிப் பச்சை ஒன்று. ஒவ்வொன்றும் வழவழப்பான கவருக்குள் இருந்தது. கலைமதி ஆரஞ்சை எடுத்துக் கவரின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். ஆறு நிர்வாகிகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சுக்கூர் வீட்டை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. அங்கே டிவி ரிமோட் பன்னிரண்டு வருடமாகக் கவருக்குள் இருக்கிறது. எந்தப் பட்டன் எது என்று யாருக்கும் தெரியாது. சோபாவில் வேர்த்து உட்கார்ந்த விருந்தாளி எழுந்தால், கவரும் பாதிதூரம் கூடவே எழுந்து வழியனுப்பும். அவர் மனைவி பாத்திமுத்து ஒருமுறை மிக்சியின் கவரைப் பிரித்ததற்கு மூன்று நாள் அவளிடம் அவர் பேசவில்லை. அரபுநாட்டுச் சாமான் என்றால் கவரோடு இருக்கும்வரைதான் புதுசு. பிரித்துவிட்டால் அதுவும் ஊர்ச்சாமான்தான். பஜாரில் பாதி வீடுகளில் இதுதான் நடைமுறை.

"கவரைப் பிரிப்பவர் கழகத்திலிருந்து நீக்கப்படுவார்" என்று நாற்பத்தோராம் தீர்மானம் நிறைவேறியது. கழக உறுப்பினராக இல்லாதவர் தேர்வில் கலந்துகொள்ள முடியாது. கலைமதி நகத்தை எடுத்துவிட்டாள்.

"கவரோட எறிஞ்சா எப்படிங்க பாய் பறக்கும்?"

"அதெல்லாம் பழகிடும்மா. நான் ரிமோட்டுக்குப் பழகல?"

பழகிப் பார்த்தாள். கவரோடு வீசிய தட்டு சரசரவென்று நான்கு கெஜம் போய், மூட்டை விழுவது போல விழுந்தது. பத்து நாள் காலையிலும் மாலையிலும் வீசினாள். தோள் வலித்தது, அழுகை அழுகையாக வந்தது. தட்டில் ஒரு தூசி இல்லை. தலைவர் ஒவ்வொரு எறிக்குப் பிறகும் ஓடிப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாத்தியா, அப்படியே இருக்குது" என்று பூரித்தார்.

தேர்வு நாள் வந்தது. மாநிலச் சங்கத்திலிருந்து நாஜியா என்ற அம்மையார் வந்து வரப்பில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சேர்த்துவைத்த உப்புத்தண்ணீர் நிற்கும் குட்டைக்கு அக்கரையில் கூடை. ஆளுக்கு மூன்று எறி. கூடைக்கு யார் தட்டு மிக அருகில் போகிறதோ அவருக்கு இடம். சுரேஷ் மூன்று எறிந்தான். ஒன்று கூடைக்கு ஆறடியில் போய் விழுந்தது. அவனுடையதும் சாதா தட்டுதான். அதைக் கண்ட நம் நிர்வாகிகள் ஒருவரையொருவர் பார்த்து இரக்கத்தோடு சிரித்துக்கொண்டார்கள்.

கலைமதியின் முதல் எறி, கவருக்குள்ளேயே தட்டு வழுக்கி, குட்டைக்குப் போகாமல் ஐயப்பன் காலடியில் விழுந்தது. இரண்டாவது எறி குட்டையின் நடுவில் விழுந்தது. கவருக்குள் காற்று இருந்ததால் மூழ்காமல் பலூன் போல மிதந்தது. சுக்கூர் துள்ளி எழுந்தார்.

"மேடம், பாருங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவல. இதுதாங்க பிரீமியம்."

அந்த அம்மையார் பார்த்தார். பிறகு, கவரைக் கழற்ற மறந்துவிட்டார்களா என்று தணிந்த குரலில் கேட்டார். அது கழகத்தின் கொள்கை என்று ஐயப்பன் விளக்கி, சமாதானமாக வாழைக்காய் பஜ்ஜியை நீட்டினார். பஜ்ஜி சிவப்புத் தட்டில் இருந்தது.

கலைமதிக்கு இன்னும் ஒரே எறி. கொடைக்கானல் கண் முன்னாலேயே சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. அவள் நேராக வந்தாள். ஐயப்பன் கையிலிருந்த தட்டை வாங்கி, பஜ்ஜிகளைத் திறந்திருந்த குறிப்பேட்டில் கவிழ்த்தாள். செய்தித்தாளால் எண்ணெயை இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள். வரப்பில் கால் ஊன்றி, உப்புப் பலகையை இழுக்கிற அதே இழுப்பில் வீசினாள். தட்டு குட்டையைத் தாண்டி, காற்றில் அவள் நினைத்த இடத்தில் இடதுபக்கம் சாய்ந்து, கூடைச் சங்கிலியில் போய் மோதியது. அந்தச் சத்தம் பாத்தி பாத்தியாகக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நிர்வாகிகள் எண்ணெய் ஊறிய குறிப்பேட்டை அவசரமாகப் புரட்டினார்கள். கவர் பிரிப்பதற்குத்தான் தடை. பஜ்ஜித் தட்டை எறியக் கூடாது என்று எந்தத் தீர்மானமும் இல்லை. கலைமதி தேர்வானாள்.

மறுவாரம், அவள் கொடைக்கானலுக்குக் கிளம்பும் நாள், சுக்கூர் கடை வாசலில் பாராட்டு விழா. கழகத்தின் தொலைநோக்கான பிளாஸ்டிக் கொள்கையே இந்த வெற்றிக்குக் காரணம் என்று ஆறு நிர்வாகிகளும் பேசினார்கள். ஆறு பேரும் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். பிறகு தலைவர் அந்தச் சிவப்புத் தட்டை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார். அது இனி கழகத்தின் வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார். தன் கையாலேயே ஒரு புதுக் கவருக்குள் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் ஓரத்தைக் காட்டி ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைக்கப் போனார்.

"பாய், அப்ப நான் அங்க எத எறியறது?" என்று கேட்டாள் கலைமதி.

"பச்ச பிரீமியம் எடுத்துக்கம்மா. கவரு பத்திரம். இத எப்படிம்மா குடுக்கறது? இன்னொரு கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

கலைமதி மேடையேறி, அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக் கவரைப் பல்லால் கிழித்தாள். தட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கீறல் விழுந்ததாலதான் பாய் இது பறக்குது. உங்க ஆறு பேரையும் பாருங்க, இத்தினி வருஷத்துல ஒரு கீறல்கூட விழல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிறகு ஐயப்பன் குறிப்பேட்டைத் திறந்து, "நிர்வாகிகள் அறுவர்மீதும் ஒரு சிறு கீறலும் இல்லை என்று வீராங்கனை மனமாரப் பாராட்டினார்" என்று எழுதினார். ஆறு பேரும் அதைப் படித்துப் பார்த்து, உண்மைதான் என்று கையெழுத்துப் போட்டார்கள்.