போட்டியின்றித் தோற்றவன்

என் வாழ்நாளில் ஒரேயொரு தேர்தலில் நின்றிருக்கிறேன். இருந்தது ஒரே இடம். எதிர்த்து நிற்க ஒரு ஈ, காக்கை கூட இல்லை. வாக்களிக்க வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் ஆட்கள். அப்படியிருந்தும் தோற்றேன். உலக அரசியலில் இப்படி ஒரு சாதனை செய்த இன்னொருவர் இருந்தால் யாராவது அறிவியுங்கள். போய்க் கை கொடுக்க வேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதி. நானும் மனைவி ரஞ்சியும் வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து, ஸ்ட்ரெதம் என்ற இடத்தில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நான் கணக்காளர் பரீட்சையில் பாதி பாஸ், பெற்றோல் ஷெட்டில் முழு நேரம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அங்கிலிக்கன் சபை ஆட்கள் என்பதால், இங்கேயும் வீட்டுக்குக் கிட்ட இருந்த அங்கிலிக்கன் சேர்ச்சில் போய் ஒட்டிக்கொண்டோம். காலையில் வெள்ளைக்காரரோடு ஆங்கில ஆராதனை. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், சேர்ச்சுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் எங்களுக்கென்று தமிழ் ஆராதனை.

அந்த ஒரு பின்னேரத்துக்காக நகரத்தின் மறுகோடியான எட்மண்டனிலிருந்து கூட ட்ரெயினும் பஸ்ஸும் மாறி ஆட்கள் வருவார்கள். (எல்லாரும் ஆண்டவரைத் தேடித்தான் வந்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முடிவில் மட்டன் ரோல்ஸ் உண்டு.) புதிதாக வந்திறங்கிய பெடியளுக்கு வேலையும், இருக்க அறையும், அதிர்ஷ்டம் இருந்தால் பெண்ணும் அங்கேதான் கிடைத்தது. அந்த மண்டபம் இல்லாவிட்டால் நாங்கள் ஒருவரை ஒருவர் பஸ் யன்னலுக்குள்ளால் பார்த்துக் கை காட்டுவதோடு சரி.

அந்த மண்டபத்துக்குத்தான் ஆபத்து வந்தது. காரணம், பொயிலர். மண்டபத்தைச் சூடாக்குகிறேன் என்ற பெயரில் அது சேர்ச்சின் காசையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. காசாளர் மிஸ்டர் வில்கின்ஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிரிப்பதற்கும் ரசீது கேட்கிற மனுசன். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு பின்னேரங்களில் மண்டபத்தை ஏரோபிக்ஸ் வகுப்புக்கு வாடகைக்கு விடுவது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து புதிய கமிட்டி கூடும் முதல் நாளே இதை முடிவு செய்வார்களாம். அந்தக் கமிட்டியில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஒரு இடம் காலியாகிறது என்று செய்தி வந்தது.

செய்தியோடு வந்தவர் ஜெபம் அண்ணை. தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை. ஊரில் தேர்தல் வேலை பார்த்தவர். (எந்தக் கட்சிக்கு என்று கேட்டால், "எல்லாத்துக்கும்தான்" என்பார்.)

"தம்பி, எங்கட ஆள் ஒண்டு உள்ளுக்க போகவேணும். நீதான் சரி," என்றார்.

"ஏன் அண்ணை நான்?"

"கணக்குப் படிக்கிறாய். இங்கிலிஷ் வாயில வருது. அதோட உனக்கு வெக்கமும் இல்லை."

"அப்ப கணக்குப் படிச்சு முடிச்ச ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்று குசினிக்குள்ளிருந்து ரஞ்சியின் குரல் வந்தது. நாங்கள் இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம்.

ஜெபம் அண்ணை களத்தில் இறங்கினார். எல்லாருடைய பெயரையும் சேர்ச்சின் வாக்காளர் பதிவில் ஏற்றினார். கூட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். "நான் கையை உயர்த்தினால் தட்டுங்கோ. எனக்கு முந்தி ஒருத்தரும் தட்டக்கூடாது" என்று கட்டளையும் போட்டார்.

என் பங்குக்கு நானும் ஆயத்தம் செய்தேன். எங்கள் ஊர்ச் சபையில் பதவி ஏற்பதற்கு ஒரு முறை உண்டு. பெயரைச் சொன்ன உடனே "ஓம்" என்றால், "பார், பதவிக்குப் பறக்கிறான்" என்பார்கள். ஆகவே முதல் தரம் மறுக்க வேண்டும். இரண்டாம் தரம் இன்னும் உருக்கமாக மறுக்க வேண்டும். மூன்றாம் தரம், "நீங்கள் எல்லாரும் இப்பிடிக் கரைச்சல் படுத்தினால் நான் என்ன செய்யிறது" என்று கழுத்தைச் சரித்துச் சம்மதிக்க வேண்டும். என்னுடைய மாமா ஒருவர் காசாளரானபோது மறுத்த மறுப்பு இன்றைக்கும் பேசப்படுகிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். மேசையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவரை அந்தக் கதிரையிலிருந்து இறக்கத்தான் பெரும்பாடு பட்டார்கள்.

அந்தப் பரம்பரையில் வந்தவன் நான். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன்.

"என்னப்பா, தனிய நிண்டு அழுறீங்கள்?" என்று கேட்டாள் ரஞ்சி.

"அழேல்லை. மறுக்கிறன்."

"இவங்களுக்கு உது விளங்காது. எங்கட வார்டில முதல் நாள் குடிக்க ரீ குடுத்தினம், வேண்டாம் எண்டு ஒருக்காச் சொன்னனான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கிறேல்லை."

"நீ சும்மா இரு. ரீ வேற, அரசியல் வேற."

கூட்ட நாள் வந்தது. வழக்கமாக இந்தக் கூட்டத்துக்கு ஒரு பிடி கிழவர்களும் ஒரு நாயும்தான் வருமாம். அன்று மண்டபம் நிறையச் சேலையும் கோட்டும். கதிரை போதாமல் ஞாயிறு பள்ளிக்கூடத்துக் குட்டிக் கதிரைகளைக் கொண்டுவந்தார்கள். அதில் எங்கள் பெரியவர்கள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். குருவானவர் நல்ல மனுசன், வாசலில் நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்முடைய வரவு செலவில் இத்தனை பேருக்கு அக்கறையா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரஞ்சியும் இரண்டு பெண்களும் மண்டபத்துக் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றி விழாவுக்கு.

முதலில் பிரார்த்தனை. பிறகு மிஸ்டர் வில்கின்ஸ் எழுந்து ஆண்டுக் கணக்கை வாசித்தார். மெழுகுதிரி, காணிக்கை உறை, ஓர்கன் திருத்தம் என்று போய், "மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலி திருத்தச் செலவு, எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு" என்று துக்கக் குரலில் சொன்ன அந்த நேரம் பார்த்து ஜெபம் அண்ணைக்கு மூக்குக்கண்ணாடி வழுகியது. சரிசெய்யக் கையை உயர்த்தினார்.

மண்டபம் அதிரக் கைதட்டல். குட்டிக் கதிரைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

மிஸ்டர் வில்கின்ஸ் திகைத்துப் போனார். இத்தனை வருடமாகக் கணக்கு வாசிக்கிற அவருக்கு எவரும் ஒரு நாளும் கைதட்டியதில்லை. தாளைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு பீலிச் செலவை இன்னொரு தரம் வாசித்தார்.

அடுத்தது தேர்தல். "கமிட்டியில் ஒரு இடம் இருக்கிறது. யாராவது ஒரு பெயரைச் சொல்வீர்களா?" என்றார் குருவானவர். ஜெபம் அண்ணை எழுந்து என்னைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னதில் என் பெயர் மட்டும்தான் உண்மை. முடிவில் கையை உயர்த்தினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

குருவானவர் என்னைப் பார்த்து, "நீங்கள் சம்மதிக்கிறீர்களா?" என்றார்.

எழுந்தேன். வலது கையை நெஞ்சில் வைத்தேன். கண்ணாடியில் பழகிய அதே சோகத்தை முகத்தில் ஏற்றினேன்.

"இல்லை, ஃபாதர். நான் அதற்குத் தகுதியில்லாதவன்," என்றேன் ஆங்கிலத்தில். (உச்சரிப்பு அற்புதமாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. கொஞ்சம் குழறியிருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பார்.)

குருவானவரின் முகம் கனிந்தது. "வெளிப்படையாகச் சொன்னதற்கு மிக்க நன்றி," என்று சொல்லிவிட்டுப் பென்சிலால் என் பெயரில் ஒரு கோடு இழுத்தார்.

நான் உட்காரவில்லை. இரண்டாவது கேள்விக்காக நெஞ்சில் வைத்த கையோடு நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

இதோ, இரண்டாம் தரம்! "உண்மையாகவே எனக்குத் தகுதியில்லை, ஃபாதர். என்னை விடச் சிறந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்."

"புரிகிறது, புரிகிறது. உங்களை ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள்," என்று ஆறுதல் சொன்னார். மிஸ்டர் வில்கின்ஸ் எட்டி என் தோளில் தட்டி, "துணிச்சலான ஆள் நீர். அந்தக் காலத்தில் நானும் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்," என்றார்.

மூன்றாம் தரம் வரவேயில்லை. மெல்ல உட்கார்ந்தேன்.

"என்னடா செய்தனி?" என்று ஜெபம் அண்ணை பல்லுக்குள்ளால் கேட்டார்.

"மறுத்தனான்."

"அது தெரியுது. ஏன் கேக்கிறதை நிப்பாட்டினவங்கள்?"

"அவர் திருப்பிக் கேக்கேல்லை அண்ணை!"

அண்ணை உடனே துள்ளி எழுந்து, முன்வரிசையில் இருந்த, ஊரில் படிப்பித்த மாஸ்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார். மாஸ்டர் குட்டிக் கதிரையிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து, "அந்தத் தம்பிக்கே தகுதியில்லையென்றால் நான் எம்மாத்திரம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, யாராவது வற்புறுத்துவார்கள் என்று சுற்றிப் பார்த்தார். பென்சில் கோடு இழுத்தது. அடுத்ததாக ஒரு டொக்டர். மாஸ்டர் இருக்கும்போது தான் வரக்கூடாது என்றார் அவர். கோடு. அதற்கடுத்தவர் டொக்டரின் காலைத் தொடாத குறையாக மறுத்தார். கோடு. பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் எழுந்து, போன ஆளைவிட அழகாக மறுத்தார்கள். வெள்ளைக்காரப் பக்கத்தில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்துவிட்டார்.

"நீங்களாவது நில்லுங்கோ அண்ணை!" என்று கெஞ்சினேன்.

"சீச்சீ, எனக்கேன் உந்தப் பதவியள்?" என்றார் ஜெபம் அண்ணை. அந்த நெருப்பிலும் பழக்கம் விடவில்லை.

குருவானவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நண்பர்களே, எங்கள் கமிட்டியில் அப்படி என்ன குற்றம்? மறுப்பதற்கென்றே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே!"

மிஸ்டர் வில்கின்ஸின் காது சிவந்தது. "பீலிக்குத் தட்டியதும் கேலிக்குத்தானா?" என்று கேட்டார்.

"அப்படியானால் இந்த வருடம் இந்த இடத்தைக் காலியாகவே விடுவோம்," என்று குருவானவர் கூட்டத்தை முடிக்க எழுந்தார். என் கண்ணுக்கு முன்னால், எங்கள் மண்டபத்தில் இறுக்கமான கால்சட்டை போட்டவர்கள் பாட்டுக்குக் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது குசினியின் பரிமாறும் யன்னல் படாரென்று திறந்தது. ரஞ்சி. கையில் எண்ணெய்க் கரண்டி, நெற்றியில் ரொட்டித்தூள்.

"ஃபாதர், நான் செய்கிறேன்."

சூடுபட்ட குருவானவர் சந்தேகத்தோடு பார்த்தார். "நிச்சயமாகவா?"

"ஓம் என்றால் ஓம்தான். கெதியாக எழுதுங்கள், ரோல்ஸ் கருகுகிறது."

அவளுடைய பெயரை முன்மொழிந்தவர் மிஸ்டர் வில்கின்ஸ். எங்கள் பக்கத்தில் ஒரு அன்ரி, "கேக்க முந்தியே ஓமெண்டிட்டாளடி!" என்று வாயில் கை வைத்தார். ஜெபம் அண்ணை அதிர்ச்சியில் இரண்டு கையையும் தலையில் வைத்தார். கை உயர்ந்ததைக் கண்ட சனம் எழுந்து நின்று தட்டியது. அப்படியாக என் மனைவி ஏகமனதாகத் தெரிவானாள்.

முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே காரியம் முடிந்தது. "குதிக்கிற ஆட்களுக்கு எதற்குப் பொயிலர்?" என்று மட்டும்தான் கேட்டாளாம். ஏரோபிக்ஸ் சனிக்கிழமைக் காலைக்குப் போனது, பொயிலர் போடாமல். அவர்கள் கொடுத்த வாடகையில் எங்கள் ஞாயிறு பின்னேரத்துக்கு மண்டபம் சூடாகியது. நான் கமிட்டியில் பேசுவதற்கு வைத்திருந்த உரையில் வேத வசனம் இருந்தது, அகதிகளின் கண்ணீர் இருந்தது, ஷெல் விழுகிற சத்தம்கூட இருந்தது. பொயிலர் மட்டும் இருக்கவில்லை.

சில வருடத்தில் மிஸ்டர் வில்கின்ஸ் ஓய்வெடுத்தார். காசாளர் பதவிக்கு ரஞ்சியைக் கேட்டார்கள். கேட்டு முடிய முதல் ஓம் என்றாள். தொண்ணூறுகள் முழுக்க அந்தச் சேர்ச்சின் வரவு செலவு அவள் கையில் இருந்தது. பரீட்சையின் மற்றப் பாதியை நான் இன்னும் எழுதவில்லை.

வீட்டில் என் நிலைமை சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் பேசப் பழகிய நாளிலிருந்து, நான் எதற்காவது "வேண்டாம்" என்று வாய் திறந்தால் போதும், "வெளிப்படையாகச் சொன்னதற்கு மிக்க நன்றி" என்று குருவானவர் குரலில் சொல்லிக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி எத்தனை கோழிக்கால் போனது என்று எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

பிறகு மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கலியாணம் செய்தாள். ஜேம்ஸ். தங்கமான பிள்ளை. முதன்முதல் எங்கள் வீட்டில் சாப்பிட வந்த அன்று நண்டுக் கறி. கடைசியில் சட்டியில் ஒரேயொரு பெரிய கால் மிஞ்சியது. "மாமா, இது உங்களுக்கு?" என்று என் பக்கம் நீட்டினான்.

"ஐயோ, எனக்கு வேண்டாம்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேசையைச் சுற்றி எல்லாரும் மூச்சை இழுத்து, "வெளிப்படையாக..." என்று தொடங்கினார்கள். ஜேம்ஸ் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான்.

"மாமா, நிச்சயமாகவா? உங்களுக்கு நண்டு விருப்பம் என்று சொன்னார்களே."

இரண்டாம் தரம்! எத்தனை வருடத்துக்குப் பிறகு! அதுவும் ஒரு வெள்ளைக்காரன் வாயால்! எனக்குக் கண் நிறைந்தது. கையை நெஞ்சில் வைத்தேன். முறைப்படி இன்னும் உருக்கமாக, "இல்லை மகன், நீர் சாப்பிடும்," என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரத்துக்காகக் கோப்பையை மெல்ல முன்னுக்குத் தள்ளினேன்.

மடக்கென்று ஒரு சத்தம். நண்டுக்கால் ஜேம்ஸின் பல்லுக்கு இடையில் உடைந்துகொண்டிருந்தது.

"அப்பாவிட்ட ரெண்டு தரம் கேக்கவேணும் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றாள் மகள் பெருமையாக.