பரம்பரை மறதி

மனைவி ஜோசபின் பெட்டியும் கையுமாக ஆட்டோவிலிருந்து இறங்கியபோதுதான், அவளைக் கூட்டி வர மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பது கிளமெண்டுக்கு ஞாபகம் வந்தது. மனுஷன் அதுவரை மொட்டை மாடியில் நின்று, பசுமலை மேலே நகர்ந்த மேகத்தைப் பார்த்துச் சொக்கிப் போயிருந்தார். பள்ளிக்கூட கிளார்க்; சனிக்கிழமை லீவு வேறு.

"ரெண்டு மணி நேரம் நின்னேன். இன்னொரு தடவ மறந்தீங்க, வத்தலக்குண்டுக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன்."

சொன்னால் செய்கிறவள். கிளமெண்ட் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"நான் என்னம்மா செய்ய? எங்கப்பாவோட ஜீன் அப்படி!"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா இன்னாசிமுத்து நிமிரவே இல்லை. மளிகைக்கு அனுப்பினால் பாதிச் சாமானோடு திரும்பிவருவார். அம்மா அவரைக் கடைக்கு அனுப்புவதையே எப்போதோ விட்டுவிட்டாள்.

"ஜீனா? அதையும் பாத்துருவோம்" என்றாள் ஜோசபின்.

வேறு வழி? கே.கே. நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஞாபகசக்தி ஆய்வுக்கு ஆள் தேடியது. கிளமெண்ட் போனார். எச்சிலைக் குப்பியில் வாங்கினார்கள். வயர் வயராகத் தொங்கும் தொப்பியைத் தலையில் மாட்டினார்கள். ஆய்வாளர் அஸ்வினி நாற்பது படங்களைக் காட்டினார்.

"ஒண்ண மனசுல பதிக்கிறப்ப மூளையில அலை ஒண்ணு தாளம் போடும் சார். தூங்குறப்ப பாத்ததைத் திரும்ப ஓட்டிப் பாக்கும். நீங்க சும்மா தூங்குங்க."

தூங்கச் சொன்னால் கசக்குமா! கிளமெண்ட் கண்ணை மூடினார்.

படத்தில் பார்த்த குடை விரிந்து தெப்பக்குளத்தில் மிதந்தது. பூனை அதில் ஏறிக்கொண்டது. மாட்டுத்தாவணி பஸ்ஸெல்லாம் ஒவ்வொன்றாக மேகமாகிப் பறந்துவிட, யானையும் ஜோசபினும் மட்டும் பெட்டியோடு நின்று அவர் வரும் வழியைப் பார்த்தார்கள். "இந்தா வாரேம்மா!" என்று ஓடினார். கால் நகரவே இல்லை. ஐயோ, பாவம், எம்புட்டு நேரமாக நிற்கிறாள்! தூக்கத்திலேயே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எழுந்ததும் நாற்பது படத்தையும் கடகடவென்று ஒப்பித்தார்.

ரிசல்ட் வாங்க ஜோசபினும் கூடவே வந்தாள்.

"ஞாபகசக்திய ஜீனை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது மேடம். ஆனா நாங்க பாத்த அம்புட்டும் நல்லாருக்கு. அலையும் அருமை. இதுவரைக்கும் வந்தவங்கள்ல சார்தான் ஃபர்ஸ்ட்!"

ஜோசபின் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப யானை, பூனையெல்லாம் மண்டையில நிக்குது. நான் சொல்றது மட்டும் நிக்காதோ?"

வீட்டுக்கு வந்தவள் நேராகப் போய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். கிளமெண்ட் பதறிப்போய் அப்பாவிடம் ஓடினார்.

"அப்பா, நீங்க ஒருக்கா வந்து டெஸ்ட் எடுங்கப்பா. உங்க மறதியப் பாத்தாலாச்சும் நம்புவா. இல்லன்னா இப்பவே கிளம்பிருவா!"

இன்னாசிமுத்து பேப்பரை மடித்தார். மனைவி அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மகனின் காதருகே குனிந்தார்.

"கூறுகெட்டவனே! இம்புட்டு ஞாபகசக்திய வச்சுக்கிட்டு எவனாச்சும் டெஸ்ட்டுக்குப் போவானாடா? நாப்பது வருசமா நான் போனேனா?"